காணாக் காரணம்

ஒரு நிகழ்வுக்குக் காரணம் தெரியவில்லை என்பதும் அதற்குக் காரணமே இல்லை என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முன்னது அறிபவரின் நிலையைச் சொல்வது, பின்னது உலகின் இயல்பைச் சொல்வது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் மயக்கம் மெய்யியலில் மிகப் பழையதாயினும், இன்று அது அடிக்கடி கண்முன் நிகழும் இடங்களுள் ஒன்று சர்வர்கள் அடுக்கி வைக்கப்பட்ட குளிரூட்டிய அறை. வங்கிக் கணக்கையோ மருத்துவமனைப் பதிவுகளையோ ரயில் முன்பதிவையோ தாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் ஓயாது ஓடும் சர்வர் ஒன்று, நள்ளிரவில் எவ்வித முன்னறிகுறியும் இன்றி நின்றுவிடுகிறது. மறுபடி இயக்கினால் எதுவுமே நடவாததுபோல் ஓடத் தொடங்குகிறது. அது ஏன் நின்றது என்பதை எவ்வழியில் ஆராய்வது, எந்த விடை கிடைத்தால் மனம் அமைவது, விடை கிடைக்காதபோது எதைச் சொல்வது நேர்மை என்னும் கேள்விகள் பொறியியலோடு நின்றுவிடுவன அல்ல. அறிவின் வாயில்களை ஆராய்ந்த அளவை நூலார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பிய கேள்விகள் அவை.

இயங்குதளத்தின் கருவாக அமைந்த கெர்னல் என்பது செயலி, நினைவகம், வட்டு ஆகிய உறுப்புகளை நேரடியாக ஆளும் நிரல்; மற்ற நிரல்கள் எல்லாம் அவ்வுறுப்புகளை அதன் வழியாகவே தொட முடியும். தன்னிடமுள்ள கணக்கு முன்னுக்குப் பின் முரணாகிவிட்டதைக் கண்டுகொள்ளும் கெர்னல், பிழையான தரவை வட்டில் எழுதிக் கேட்டைப் பெருக்குவதைவிட நின்றுவிடுவதே மேல் என்னும் விதிப்படி தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. லினக்ஸ் வழக்கில் இதற்குக் கெர்னல் பேனிக் என்று பெயர். சில வேளைகளில் அந்த அவகாசம்கூட அதற்குக் கிடைப்பதில்லை. காலையில் லாக் எனப்படும் நிகழ்ச்சிப் பதிவைத் திறப்பவர், எடுத்துக்காட்டாக, இரவு 2.17க்குக் காப்புநகல் எடுக்கும் பணி வழக்கம்போல் தொடங்கியது என்று ஒரு வரியைக் காண்கிறார். அதற்கு அடுத்த வரியோ 2.26க்குக் கெர்னல் புதிதாக விழித்தெழுந்ததைச் சொல்கிறது. இடைப்பட்ட ஒன்பது நிமிடத்தைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை.

இந்த மௌனத்துக்கு என்ன பொருள் கொள்வது என்பதே முதற்சிக்கல். பிழைச் செய்தி எதுவும் பதிவாகவில்லை, ஆகவே மென்பொருளில் பிழை நேரவில்லை என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் இன்மையை எவ்வாறு அறிவது என்பதை அளவை நூல்கள் அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அளவைகள், அதாவது மெய்யறிவு நம்மை வந்தடையும் வழிகள், பத்து என்பாரின் கணக்கை எடுத்துச்சொல்லி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. அப்பத்தனுள் ஒன்றாகிய அபாவம் என்பது ஒரு பொருள் இல்லை என்று அறியும் அறிவு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சை அறிஞர் குமாரில பட்டரின் மரபினர் இவ்வறிவுக்கு ஒரு வரம்பு கட்டினர்: பொருள் அங்கே இருந்திருந்தால் தப்பாமல் கண்ணில் பட்டிருக்கும் என்னும் நிலையில்தான் காணாமை இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சமுள்ள தரையில் குடம் தென்படவில்லையென்றால் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் தென்படவில்லையென்றால் எதுவும் சொல்வதற்கில்லை. லாக்கின் வரிகளை வட்டுக்குக் கொண்டுசேர்ப்பது கெர்னலே ஆதலின், அதுவே செயலிழக்கும் நொடியில் நேர்ந்த பிழை பதிவாகாமல் போவது இயல்பு. எனவே அந்த ஒன்பது நிமிட மௌனம் இருட்டறையே ஒழிய வெறுந்தரை அன்று.

கண் பிறவற்றையெல்லாம் கண்டும் தன்னைத் தான் காண மாட்டாது என்பது சைவ சித்தாந்தத்தில் அடிக்கடி எடுத்தாளப்படும் உவமை. வீழும் கெர்னல் தன் வீழ்ச்சிக்குத் தானே சாட்சியாக இயலாது என்பதை உணர்ந்த லினக்ஸ் வல்லுநர்கள், சாட்சியைச் செயலிலிருந்து பிரித்து வைக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தனர். கேடம்ப் எனப்படும் அம்முறையில், நினைவகத்தின் ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டு, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்று முன்கூட்டியே ஏற்றி வைக்கப்படுகிறது. முதற்கெர்னல் பேனிக் ஆனதும் இது விழித்தெழுந்து, மாண்ட கெர்னல் விட்டுச்சென்ற நினைவகத்தை அப்படியே ஒரு கோப்பாக வட்டில் படியெடுத்துவிட்டு எந்திரத்தை மறுதொடக்கம் செய்கிறது. இதுவும் முழுமையான சாட்சி அன்று. வன்பொருளே உறைந்துபோனால் இரண்டாம் கெர்னலும் எழாது. மின்சாரம் அறுபட்டால் நினைவகமே அழிந்துபோகும். அந்நிலைக்கெனத் தாய்ப்பலகையில் தனியொரு சிறு கணினி அமர்ந்து, வெப்பம், மின்னழுத்தம், நினைவகப் பிழை ஆகியவற்றைத் தன் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறது. காண்டல் அளவை என்பது கண்ணைத் திறந்தால் தானே வந்து சேரும் கொடை என எண்ணுவோர், காட்சிக்கும் இத்துணை முன்னேற்பாடு வேண்டியிருப்பதைக் கருத வேண்டும்.

காட்சி கைகொடுக்காத இடத்தில் கருதல், அதாவது அனுமானம், தொடங்குகிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூவகையாகப் பகுக்கிறான். அவற்றுள் எச்சம் என்பது விளைவைக் கண்டு காரணத்தை உணர்வது. ஆற்றில் வெள்ளம் வரக் கண்டு மேற்றலையில் மழை பெய்ததென்று துணிவது அதற்கு எடுத்துக்காட்டு. நின்றுபோன சர்வரை ஆராய்வது முற்றிலும் எச்ச அனுமானமே. ஆனால் இவ்வகை அனுமானம் நம்பத்தக்கதுதானா என்ற தடையைக் கௌதமரின் நியாய சூத்திரமே எழுப்புகிறது: ஆறு பெருகுவது கீழே யாரோ அணை கட்டியதாலும் இருக்கலாம், எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர்வது மழை வருவதை உணர்ந்து அன்றி, அவற்றின் புற்று இடிந்ததாலும் இருக்கலாம், மயிலின் அகவல் அதுபோல் குரல் எழுப்பும் மனிதனுடையதாகவும் இருக்கலாம். ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் இயலுமாயின், விளைவிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி எது?

இத்தடைக்கு நியாய மரபு தரும் விடை, பழுதுநீக்கும் கலையின் முதற்பாடமாக வைக்கத்தக்கது. தவறு அனுமானத்தில் இல்லை, அரைகுறை அடையாளத்தைக் கொண்டு அனுமானிப்பவரிடம் இருக்கிறது என்கிறது அது. நீர் மிகுந்திருப்பது மட்டும் மழைக்கு அடையாளம் ஆகாது. வேகமான ஓட்டமும், மிதந்துவரும் நுரையும், இலையும் பழமும் கட்டையும் சேர்ந்ததே மேற்றலை மழையின் அடையாளம் என்று வாத்ஸ்யாயனரின் உரை விளக்குகிறது. அணையால் தேங்கிய நீரில் அந்நுரை இராது. அதுபோல, சர்வர் நின்றது என்பது வெறும் நீர்ப்பெருக்கு. நுரையும் இலையும் வேறிடத்தில் உள்ளன. பேனிக் செய்தியில், வீழ்ந்த நொடியில் செயலி எந்தக் கட்டளையில் நின்றது, எந்தச் செயற்கூறு எதை அழைத்து அங்கே வந்து சேர்ந்தது என்னும் அழைப்புத்தடம் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே செயற்கூற்றில் வீழ்ச்சி நேர்ந்தால் ஐயம் மென்பொருளின் மேல் விழுகிறது. ஒருமுறை கோப்பு முறையிலும் மறுமுறை வலையமைப்பிலும் வேறொருமுறை தொடர்பே இல்லாத மூன்றாம் இடத்திலும் வீழ்ந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாகிய நினைவகத்தின் மேல் விழுகிறது. செய்தியே இல்லாமல் எந்திரம் திடீரென மறுதொடக்கம் ஆகியிருந்தால் மின்வழங்கியையும் வெப்பத்தையும் முதலில் நோக்க வேண்டும். இவை எதுவும் முடிந்த முடிபு அன்று. எந்த நுரை எந்த மழைக்கு உரியது என்று பிரித்தறியும் பயிற்சி.

ஐயத்தை உறுதியாக்க அளவை நூலார் வகுத்த கருவி அன்வயமும் வெதிரேகமும்: காரணம் உள்ளவிடத்து விளைவு உண்டாதலும், காரணம் இல்லாதவிடத்து விளைவு இல்லாதொழிதலும். நினைவகப் பலகை ஒன்றின் மேல் ஐயம் எழுந்தால், அனுபவம் உள்ளவர் அதைத் தூக்கி எறிவதில்லை. முதற்பள்ளத்தில் இருந்ததை நான்காம் பள்ளத்துக்கும், நான்காவதில் இருந்ததை முதலுக்கும் மாற்றிச் செருகுகிறார். பிழை பலகையைப் பின்தொடர்ந்து நான்காம் பள்ளத்துக்குச் சென்றால் குற்றம் பலகையினது. முதற்பள்ளத்திலேயே தங்கிவிட்டால் பள்ளத்தினது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்னும் விதி இங்கே உயிர் போன்றது. கெர்னலையும் புதுப்பித்து, நினைவகத்தையும் மாற்றி, மின்வழங்கியையும் புதிதாகப் பொருத்திய பின் சர்வர் நிற்காமல் ஓடினால், எதனால் நோய் தீர்ந்தது என்று யாராலும் சொல்ல இயலாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும் அது. பழம் விழுந்தது உண்மை, காக்கை அமர்ந்ததும் உண்மை. இரண்டையும் இணைக்கும் கயிறு மட்டும் பார்ப்பவரின் மனத்தில் திரிக்கப்பட்டது.

இவ்வழிகளும் தோற்கும் இடம் உண்டு. டாண்டம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே, கணினிகள் ஏன் நிற்கின்றன என்பதை ஆராய்ந்து 1985இல் எழுதிய அறிக்கையில், பிழைகளை இருவகையாகப் பிரித்தார். அதே சூழலில் அதே போல் மீண்டும் மீண்டும் தோன்றுவன ஒருவகை. இயற்பியலாளர் போரின் உறுதியான அணு உருவத்தை நினைந்து அவற்றுக்குப் போர்பக் என்று பெயர். உற்றுநோக்கத் தொடங்கியதும் மறைந்துவிடுவன மற்றொரு வகை; ஹைசன்பர்க்கின் பெயரால் அவை ஹைசன்பக் எனப்பட்டன. அவர் எடுத்துக்காட்டிய பதிவுகளில் 132 மென்பொருட் பிழைகளுள் ஒன்றே ஒன்றுதான் முதல்வகை. மறுதொடக்கம் செய்தவுடன் சர்வர் நலமடைவது இதனால்தான்: இரண்டு பணிகள் நொடியின் மிகச்சிறு கூற்றில் ஒன்றையொன்று முந்திய அந்தச் சூழல் மறுபடி அமைவது அரிது. ஆனால் நலம் தரும் அதே மறுதொடக்கம் நினைவகத்தில் இருந்த சான்றையும் துடைத்துவிடுகிறது. நோய் தீர்வதும் நோயின் காரணம் தெரிவதும் இங்கே எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

தற்செயல் எனத் தோன்றியது முழுக்கக் காரணத்தால் ஆனதே என்று தெளிந்த நிகழ்வு ஒன்றை இங்கே நெருங்கிப் பார்ப்பது தகும். லினக்ஸ் கெர்னலின் சில பதிப்புகளில், ஓயாது ஓடிய சர்வர்கள் ஏறத்தாழ 208 நாளும் அரை நாளும் கடந்த பின் திடீரென நின்றன. செயலியின் துடிப்பு எண்ணிக்கையை நானோநொடியாக மாற்ற, கெர்னல் அதை ஓர் எண்ணால் பெருக்கிப் பின்னர் 1024ஆல் வகுத்தது. வகுப்பதற்கு முந்தைய பெருக்குத்தொகை 64 பிட் இடத்தில், அதாவது 64 இரும இலக்கங்கள் கொள்ளும் இடத்தில், அடங்க வேண்டும். நேரம் 2இன் 54ஆம் அடுக்கு நானோநொடியை எட்டியதும் அத்தொகை இடத்தை நிரப்பி வழிந்து, கடிகாரம் பின்னோக்கித் தாவியது. பணிகளுக்கு நேரம் பங்கிடும் பகுதி பொருளற்ற எண்களைக் கொண்டு கணக்கிட்டது. அந்த அடுக்கு நாட்கணக்கில் ஏறக்குறைய 208.5. இதற்கான திருத்தம் 2011இல் எழுதப்பட்டது.

குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாக வகுக்கும். இவ்வீழ்ச்சிக்கு 64 பிட் என்னும் வரம்புடைய இடம் முதற்காரணம் போன்றது. இடையறாத ஓட்டம் துணைக்காரணம். பெருக்குத்தொகை வரம்பு மீறும் நாளை எண்ணாமல் அவ்வரியை எழுதிய கை நிமித்தகாரணம். மண்ணில் குடம் மறைந்திருப்பதுபோல் விளைவு தன் காரணத்தில் முன்னரே அடங்கியிருக்கிறது என்னும் சற்காரியவாதத்தைச் சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் ஏற்பர். 208ஆம் நாள் வீழ்ச்சி, சர்வர் இயக்கப்பட்ட முதல் நொடியிலேயே அதனுள் அடங்கியிருந்தது என்பதை நோக்கும்போது, அக்கொள்கையின் ஆழம் புலப்படுகிறது. ஒரே நாளில் இயக்கப்பட்ட எந்திரங்கள் ஒரே நாளில் விழுந்தது கண்டவர்க்குக் கொள்ளைநோய் போலவும் தீவினை போலவும் தோன்றியிருக்கலாம். எத்தனை நாள் ஓடியபின் விழுந்தது என்று எண்ணிப் பார்த்தவருக்கோ அந்த எண்ணே சாவியானது.

எல்லாக் கதைகளும் இவ்வாறு தெளிவில் முடிவதில்லை. 2003 மே 18 அன்று பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், பிரசல்ஸைச் சேர்ந்த ஸ்கார்பேக்கில் ஒரு வேட்பாளருக்கு, அங்கே கிடைக்கக்கூடிய அளவைவிட மிகுதியான வாக்குகள் கிடைத்ததாக மின்னணுக் கணக்கு காட்டியது. மீண்டும் எண்ணியபோது மிகை சரியாக 4096 என்று தெரிந்தது. 4096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு. ஆகவே நினைவகத்தில் ஒரே ஒரு பிட் சுழியத்திலிருந்து ஒன்றாகப் புரண்டது என்பது வலிமையான அனுமானம். ஆனால் எந்திரத்தை எத்தனை முறை சோதித்தும் அப்பிழையை மறுபடி தோற்றுவிக்க இயலவில்லை. அந்த பிட்டைப் புரட்டியது விண்வெளியிலிருந்து வந்த காஸ்மிக் கதிர் என்று பின்னர்ப் பலரும் சொல்லி வருகின்றனர். இங்கே மூன்று தளங்கள் உள்ளன: மிகை 4096 என்பது காட்சி, ஒரு பிட் புரண்டது என்பது கருதல், கதிர் புரட்டியது என்பது இயலக்கூடிய ஒன்று, அவ்வளவே. மூன்றையும் ஒரே உறுதியோடு சொல்லும்போது ஐயம் திரிபாகிவிடுகிறது. ஐயம் என்பது குற்றியோ மகனோ எனத் தடுமாறுவது. திரிபு என்பது கயிற்றைப் பாம்பென்றே துணிவது. முன்னது குறைபாடு மட்டுமே. பின்னது, தேடலை நிறுத்திவிடுவதால், கேடு.

கதிர்களால் பிட் புரளும் என்பது கற்பனை அன்று. சிப்பைப் பொதிந்த பொருளில் சிறிதளவே கலந்துள்ள யுரேனியமும் தோரியமும் உமிழும் ஆல்ஃபா துகள்கள் நினைவகத்தைப் புரட்டுவதை இன்டெல் அறிவியலாளர்கள் 1978இல் காட்டினர். காஸ்மிக் கதிர்களும் அவ்வாறு செய்யக்கூடும் என்று 1979இல் ஸீக்லரும் லான்ஃபோர்டும் எழுதினர். இதற்காகவே சர்வர்களில் இசிசி நினைவகம் பொருத்தப்படுகிறது. 64 பிட் தரவுக்கு 8 பிட் காவலாகச் சேர்த்து, ஒரு பிட் புரண்டால் திருத்தி, இரண்டு புரண்டால் கண்டறிந்து சொல்வது அது. ஆயினும் கூகுள் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கும் மேலான நினைவகப் பலகைகளில் பிழை தோன்றியதையும், அவற்றுள் பெரும்பான்மை எங்கிருந்தோ வந்த கதிரின் வேலையாக இராமல் பலகையின் நிலையான பழுதாகவே இருந்ததையும் காட்டியது. விண்ணைச் சுட்டியவர்கள் பலரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பலகையைப் பார்க்கத் தவறியிருக்கக்கூடும்.

இந்த இடத்தில் ஒரு சொல்லின் வரலாறு துணைக்கு வருகிறது. கணாதரின் வைசேஷிக சூத்திரம், ஊசி காந்தத்தை நோக்கி நகர்வதற்கும் நெருப்பு மேல்நோக்கி எரிவதற்கும் காரணம் அதிருஷ்டம் என்றது. திருஷ்டம் என்றால் காணப்பட்டது. அதிருஷ்டம் என்றால் காணப்படாதது. விளைவு கண்ணெதிரே நிகழ்கிறது, காரணம் உண்டு, ஆனால் அது கண்ணுக்குப் படவில்லை என்பதே அச்சொல்லின் முதற்பொருள். தமிழ் வழக்கில் அதிர்ஷ்டம் என்று திரிந்த அது, காரணமின்றி வந்து வாய்க்கும் நற்பேற்றைக் குறிக்கலாயிற்று. காரணம் காணப்படவில்லை என்பதிலிருந்து காரணம் இல்லை என்பதற்கு மனம் வழுக்கிச் சென்ற பாதை முழுவதும் அந்த ஒரு சொல்லில் பதிந்திருக்கிறது. காந்தத்தின் ஈர்ப்பும் சுடரின் ஏற்றமும் பின்னர் விளங்கின. அவை அதிருஷ்டத்தின் பட்டியலிலிருந்து நீங்கின. அச்சொல்லை வெற்றிடத்தைக் குறித்து வைக்கும் அடையாளமாகக் கொண்டவர்க்கு அது தேடலின் தொடக்கம். விடையாகக் கொண்டவர்க்கு முடிவு.

சமய உள்ளம் இதில் எங்கே நிற்கிறது என்ற கேள்வியும் எழுகிறது. எல்லாம் விதிப்படி நடக்கும், முயற்சிக்குப் பயனில்லை என்ற ஆசீவகரின் நியதிக் கொள்கை ஒருபுறம் இருக்க, ஊழை ஏற்கும் சமயங்கள் காரணத்தை மறுத்தவை அல்ல. எந்த விளைவும் காரணமின்றி வாராது என்பதை மற்றெவரையும்விட அழுத்தமாகச் சொன்னவை அவையே. ஆதலால், நின்ற சர்வரைக் காட்டி, எல்லாம் விதி என்று கைகழுவுவது ஊழ்க் கொள்கைக்கே முரணானது. இறைவனை நிமித்தகாரணன் என்னும் சித்தாந்தமும் மண்ணையும் சக்கரத்தையும் நீக்கிவிடுவதில்லை. அவனருளால் நிகழ்கிறது என்பது, எதைக் கொண்டு, எவ்வழியில் நிகழ்ந்தது என்ற கேள்விக்கு விடை ஆகாது. ஆயுதபூசையன்று சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் இடும் கை, மறுநாள் அதன் லாக்கை வரிவரியாகப் படிப்பதில் எந்த முரணும் இல்லை. அறியாமையின் இடைவெளியில் இறைவனைக் கொண்டுபோய் வைப்பவர், அறிவு வளருந்தோறும் அவனை இடம்பெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டியவராகிறார்; இது பக்திக்கும் இழுக்கு, ஆராய்ச்சிக்கும் தடை.

எல்லா விளைவுக்கும் காரணம் உண்டு என்பதை நிறுவ முடியுமா என்று இறுதியாகக் கேட்கலாம். எத்தனை சர்வர்களை ஆராய்ந்தாலும், அடுத்தது காரணமின்றி நின்றிராது என்பதற்கு அவ்வாராய்ச்சிகள் பிணை நிற்க மாட்டா. 10ஆம் நூற்றாண்டு நியாய அறிஞர் உதயணர் இதற்கு நுட்பமான விடை தந்தார்: ஐயத்துக்கும் எல்லை உண்டு, அந்த எல்லை ஐயுறுபவரின் சொந்தச் செயல். புகைக்கு நெருப்புக் காரணமா என்று ஐயுறுபவர், புகை வேண்டும்போது நெருப்பையே மூட்டுகிறார். பசித்தால் உணவையே நாடுகிறார். காரணம் ஏதும் இல்லை என்று வாயால் சொல்பவரும், மறுதொடக்கம் செய்தால் சர்வர் எழும் என்று நம்பித்தான் பொத்தானை அழுத்துகிறார். காரணத்தில் நம்பிக்கை நிறுவப்பட்ட முடிவாக இல்லாவிடினும், விரல் அசையும் போதெல்லாம் அதன் மேல் நின்றே அசைகிறது.

ஆகவே காரணம் அகப்படாத ஆராய்ச்சியின் அறிக்கையை எவ்வாறு முடிப்பது என்பது அறிவின் கேள்வியாவதோடு அறத்தின் கேள்வியும் ஆகிறது. காஸ்மிக் கதிர் என்றோ பழைய கெர்னல் என்றோ ஒரு பெயரை எழுதிக் கோப்பை மூடினால் கேட்டவர் மனம் அமையும், அடுத்தவர் தேடமாட்டார். காரணம் அறியப்படவில்லை என்று எழுதி, நினைவகம் இத்தனை மணிநேரம் சோதிக்கப்பட்டது, மின்வழங்கி மாற்றிப் பார்க்கப்பட்டது, வெப்பம் வரம்புக்குள் இருந்தது, இவை மட்டுமே விலக்கப்பட்டன என வரிசைப்படுத்தி, கேடம்ப் இயங்காதிருந்தது, இப்போது இயக்கப்பட்டிருக்கிறது என்று இறுதி வரியாகச் சேர்ப்பவர், காணப்படாததைக் காணப்படாதது என்றே காத்து வைக்கிறார். அந்தச் சர்வர் இனி நிற்காமலே போகலாம். நின்றால், இருட்டறையில் இம்முறை ஒரு விளக்கு ஏற்றி வைக்கப்பட்டிருக்கும்.